கைசருக்குப் பாடம் எடுத்தது யார்

கடிக்கிற நாயைத் திருத்துவதுதான் என் தொழில்; ஆனால் இத்தனை வருஷத்தில் எனக்குக் கோபம் மூட்டிய நாய் ஒன்றுகூடக் கிடையாது.

கோபமெல்லாம் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் மேல்தான். கேரள எல்லையில் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும், கிழக்கே வெள்ளறடை மலையடி வரைக்கும் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகிறேன். பையில் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு, ஒரு நீளக் கயிறு, ஒரு பழைய துவர்த்துத் துண்டு. மேபல் என்ற என் பேர் சபையில் உள்ளவர்களுக்கே மறந்து போச்சு. எங்கள் பக்கத்தில் நாய்க்குப் பேர் பட்டி; பட்டி டீச்சர் என்று கேட்டால் ஆட்டோக்காரன் நேரே என் வீட்டில் கொண்டு வந்து இறக்குவான். நாய் வளர்த்து அவதிப்படுகிறவர்களே, நாய் வளர்க்கிறவனுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்து அவதிப்படுகிறவர்களே, "ஒண்ணும் செய்யாது, பயப்படாம வாங்க" என்ற பேச்சை நம்பிக் கேட்டைத் திறந்து கணுக்காலைக் கொடுத்தவர்களே, நம்மளெல்லாம் ஒரே ஜாதி. அதனால் உங்களிடம் மனசு விட்டுச் சொல்கிறேன்.

கடந்தல் கூடு

முதலில் ஒரு சின்ன உதாரணம், எப்படிப்பட்ட ஆட்களோடு நான் மல்லுக்கட்டுகிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? வெள்ளறடைப் பக்கம் ஒரு வீடு. எட்டு மாசக் கறுப்புக் குட்டி, ஆளைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும். வீட்டுக்காரருக்கு அது பெரிய மானக்கேடு. யாரோ வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள்: கடந்தல் குளவியின் கூட்டைப் புகை போட்டு இறக்கி, உள்ளே இருக்கிற புழுவைச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் நாய்க்கு வீறு வரும். எங்கள் பக்கத்தில் படித்தவர்களே நம்புகிற சங்கதி இது. கூடு இறக்கப் போனதில் அவருக்கு முகமெல்லாம் கொட்டு வாங்கி ஒரு கண் முழுசாக மூடிக் கிடந்தது.

குட்டி அந்தச் சோற்றைத் தின்று ரெண்டு நாள் வாந்தி எடுத்தது. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது வயிற்றுப் பக்கம் கை கொண்டு போனால் கடிக்க வந்தது. அதைக் கண்டு மனுஷனுக்கு ஒரே சந்தோஷம், வீறு வந்தாச்சாம். வயிறு வலிக்கிற பிள்ளையைத் தொட்டால் அதுவும்தான் கையைத் தட்டிவிடும், அதுக்குப் பேர் வீரமா என்று நான் முற்றத்தில் நின்றே கத்தினேன். மிருக டாக்டரிடம் உடனே கொண்டு போகச் சொன்னேன். அவர் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னை யோசனையோடு பார்த்துக் கேட்டார்: "அப்போ ஒரு கூடு போராது, இல்லியா டீச்சரே?"

ஈர்க்கில் படாத வீடு

இனி நான் சொல்ல வந்த விஷயம். அமரவிளையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால், ரப்பர் தோட்டத்தை ஒட்டி வில்ஃபிரெட் சாரின் வீடு. ஜங்ஷனில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார், சபையில் கமிட்டி மெம்பர். மனைவி லில்லி ஆஸ்பத்திரியில் நர்ஸ், காலை ஆறரைக்கே டூட்டிக்குக் கிளம்பிவிடுவாள். ஒரே மகள் ஆன்சி, நாலாம் வகுப்பு, எட்டு மணிக்கு ஸ்கூல் பஸ். நாய் பேர் கைசர். பத்து மாசம். தகப்பன் ஷெப்பர்டு, தாய் நம்ம நாட்டு ஜாதி. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், ஒரு காது மடங்கிக் கிடக்கும்.

என்னைக் கூப்பிட்டது லில்லி. முற்றத்தில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கொடி. ஒன்றில் துணி காயும். மற்றதில் அடித்துக் கழுவின ரப்பர் ஷீட்டு நீர் வடியத் தொங்கும், வடிந்த பிறகு புகை போட்டு உலர்த்தப் பின்னால் இருக்கிற புகைப்புரைக்குப் போகும். அந்தக் கொடிப் பக்கம் போன ஆன்சியைப் பார்த்துக் கைசர் ரெண்டு தடவை உறுமியிருக்கிறது. பெற்றவளுக்குப் பயம் வராதா? நான் போனதும் வில்ஃபிரெட் சார் என்னை மேலும் கீழும் பார்த்து, இந்த வேலைக்கு ஆம்பிளைகள் யாரும் வரமாட்டார்களா என்று கேட்டார். இது எனக்குப் பழகிப்போன கேள்வி. நாய் அப்படிக் கேட்டதில்லை என்று பதில் சொன்னேன். பிறகு நான் எல்லா வீட்டிலும் கேட்பதைக் கேட்டேன். எப்போது உறுமுகிறது, முன்னால் என்ன இருந்தது, யாராவது அடிக்கிறீர்களா, சீண்டி விளையாடுகிறீர்களா, கடிக்கப் பழக்கினீர்களா. எல்லாவற்றுக்கும் அவர் இல்லை, இல்லை என்றே தலையாட்டினார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கைசர் அவர் சட்டைப் பாக்கெட்டை மூக்கால் முட்டி முட்டி மோந்தது. அவர் தட்டித் தட்டி விட்டார். இவருக்க சட்டையைத் துவைக்க எடுத்தால் எப்போதும் ரஸ்க் பொடிதான் என்று லில்லி சிரித்தாள். நானும் மண்டத்தனமாகக் கூடச் சிரித்தேன். வில்ஃபிரெட் சார் மட்டும் சிரிக்காமல் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "எனக்க வீட்டுல பட்டிய ஒரு ஈர்க்கில் குச்சி வச்சுகூட ஆரும் தொட்டதில்ல. இது அதுக்க ஜென்ம கொணமாக்கும்."

நாலு புள்ளி

அவர்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர் சுலோசனா அக்கா. ஐம்பது வயசிருக்கும். விடியும் முன்னே மரம் மரமாக வெட்டி, பால் எடுத்து உறைய வைத்து, முந்தின நாள் உறைந்ததை ரோலரில் அடித்து ஷீட்டாக்கிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நான் போகிற நாளெல்லாம் ஒன்று கவனித்தேன்: கைசர் அவிழ்ந்து கிடந்தால் அக்கா ரோலர் கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை. ஷீட்டெல்லாம் மேசையிலேயே அடுக்கிக் கிடக்கும். நாயைக் கட்டின பிறகுதான் கொடிக்குக் கொண்டு வருவார்.

ஒருநாள் அவர் சேலையைத் தூக்கிச் செருகினபோது கெண்டைக்காலில் ஆறிய தழும்பு தெரிந்தது. என்னவென்று கேட்டேன். முள் கீறினது என்றார். நாலு புள்ளியாக முள் கீறாது. என் கையிலும் காலிலும் அப்படி மூணு இடத்தில் உண்டு, எனக்குத் தெரியாதா? நேரே வில்ஃபிரெட் சாரிடம் போய், இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவருக்கு முகம் ஒன்றும் மாறவில்லை. சின்ன விஷயம், லில்லிதான் மருந்து வைத்துக் கட்டினாள், அத்தோடு தீர்ந்தது என்றார். பிறகு எனக்கே பாடம் நடத்தினார்: "ஓடுனா எந்தப் பட்டியும் வெரட்டும். அவளுக்கு அந்த வெவரம் இல்ல, ஓடிட்டா."

பாஸ் மார்க்

ஓடினால் நாய் துரத்தும் என்பது சரிதானே. அதனால் நானும் அதை நம்பித் தொலைத்தேன். எனக்கு அந்த வீட்டில் வேறு குறைகள் கண்ணில் பட்டுவிட்டன. அப்பா மலையாளத்தில் "இரி" என்பார், அம்மா தமிழில் "உக்காரு" என்பாள், மகள் "சிட் டவுன்" என்பாள். மூணு பேரும் ஒரே நேரத்தில் சொன்னால் கைசர் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் குரைக்கும். நாள் முழுக்க ரெண்டு முழச் சங்கிலியில் கட்டிப் போட்டால் எந்த உயிருக்கும் மண்டை சூடாகும். காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போகச் செய்தேன். எல்லோருக்கும் ஒரே சொல் என்று சட்டம் போட்டேன். சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் கை கொண்டு போனேன், வாலைப் பிடித்தேன், குடையை விரித்துக் காட்டினேன், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வேலிக்கு வெளியே ஓடவிட்டேன். எதுக்கும் உறுமவில்லை.

மூணு வாரத்தில் கைசர் ஒரு தங்கம். ஆன்சி கொடுக்கிற நெத்திலியை அவள் உள்ளங்கை நனையாமல் எடுக்கும். மூணாவது சனிக்கிழமை நான் லில்லியிடம் சொன்னேன், பயப்பட ஒன்றுமில்லை, என் பொறுப்பு என்று. இந்த வாயால்தான் சொன்னேன். ஆன்சி சங்கிலியின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ இனி கைசரை அவுத்து விடலாம், இல்லியா டீச்சரே?"

மழை வந்த நாள்

மறுவாரம் புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, மழை எந்த அறிவிப்பும் இல்லாமல் இறங்கியது. வில்ஃபிரெட் சார் கடையில். லில்லி குளிமுறியில். ஸ்கூல் விட்டு வந்த ஆன்சி, அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஓடிப் போய்த் துணியை எல்லாம் அள்ளி உள்ளே போட்டாள். கைசரும் வாலை ஆட்டிக்கொண்டு கூடவே ஓடியது. பிறகு பிள்ளை பக்கத்துக் கொடியில் கிடந்த ஷீட்டையும் எடுத்துத் தோளில் போட்டாள். அவ்வளவுதான். வலது முழங்கைக்குக் கீழே கடித்தது. விடாமல் தொங்கியது. லில்லி ஈரத் தலையோடு ஓடி வந்து வாளித் தண்ணீரை நாயின் முகத்தில் வீசியடித்த பிறகுதான் விட்டது.

லில்லி நர்ஸ் ஆனதால் அழுதுகொண்டு நிற்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். கைசருக்கு ஊசியெல்லாம் போட்டதுதான், இருந்தாலும் பிள்ளைக்கும் ஊசி ஆரம்பித்தார்கள். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும், அதுவரை எங்கேயும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விஷயம் கேள்விப்பட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆன்சி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, எதுக்குக் கடித்தது, எதுக்குக் கடித்தது என்று முனகிக்கொண்டிருந்தாள். ரெண்டு கன்னத்திலும் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. லில்லி சண்டை போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவள் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்: "நீங்க சொன்னதுனால ஆக்கும் நான் அவுத்து விட்டேன் டீச்சரே."

ரெண்டு பக்கமும் ஓட்டம்

வில்ஃபிரெட் சார் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். பத்தாம் நாள் கைசரைச் சாக்கில் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, களியக்காவிளை எல்லை தாண்டித் தமிழ்நாட்டு அக்கரைப் பக்கம் எங்கேயாவது இறக்கி விடுவது. எங்கள் எல்லை ஊர்களில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இந்தப் பக்கத்து வேண்டாத நாய் அந்தப் பக்கம், அந்தப் பக்கத்து வேண்டாத நாய் இந்தப் பக்கம். மாநிலம் மாறினால் பாவம் தீர்ந்துவிடும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? நான் கொதித்துப் போய்க் கேட்டேன்: உங்கள் பிள்ளையைக் கடித்த நாய் அக்கரையில் இன்னொருத்தர் பிள்ளையைக் கடிக்காதா? அங்கே இருக்கிறதெல்லாம் பிள்ளை இல்லையா? ஒன்று, அதைத் திருத்தி நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லை, திருத்தவே முடியாது என்றால் டாக்டரிடம் கொண்டு போய் நோகாமல் முடிக்க வேண்டும். தெரியாத ஊரில் இறக்கிவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் பெஞ்சில் உட்காருவது மட்டும் நடக்காது என்றேன். அவர் போனை எடுத்து ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டார்.

ஆட்டோக்காரன் சந்திரனையும் வழியில் மறித்தேன். எனக்குத் தெரிந்தவன்தான், நாய் கொண்டு விடுவதில் கைப்பழக்கம் உள்ளவன். உனக்கு வெட்கமில்லையா, உன் சவாரியால் ரெண்டு ஊருக்கும் கேடு என்று நாலு பேர் கேட்கத் திட்டினேன். அவன் ஹேண்டில்பாரில் சாய்ந்து நின்று பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நான் ஒண்ணு அங்கோட்டு கொண்டு போனா ரெண்டு இங்கோட்டு வருது சேச்சி. எனக்கு ரெண்டு பக்கமும் ஓட்டம் உண்டு."

கள்ளனாக நின்றவர்

பத்து நாளும் நான் போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை. கைசரைப் பலாமரத்தில் கட்டியிருந்தார்கள். நான் எட்டாத தூரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு வயசுகூட ஆகாத குட்டி, சோற்றுப் பாத்திரத்தை உருட்டி விளையாடுகிறது, காக்காயைக் கண்டால் குதிக்கிறது. ஆன்சி ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அவள் குரல் கேட்டால் நாய் வாலை ஆட்டும், அவள் உள்ளே போய்விடுவாள். துணி எடுக்கிற வரை கூடவே விளையாடின நாய்க்கு அப்புறம் ஒரு நொடியில் என்ன ஆச்சு? அந்த நொடியில் பிள்ளை கையில் இருந்தது ஷீட்டு. ஷீட்டைக் கண்டு நாய் எதுக்குப் பைத்தியம் பிடிக்க வேண்டும்? எனக்கு அங்கேயே புத்தி முட்டி நின்றது.

ஏழாம் நாள் காலை, சார் கடைக்குப் போன பிறகு, சுலோசனா அக்கா என்னை ரோலர் கொட்டகைக்குள் கூப்பிட்டார். ரோலரைச் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். போன வருஷம் அக்கம்பக்கத்தில் ரெண்டு புகைப்புரையை உடைத்து ஷீட்டு திருடினார்கள் அல்லவா, அதிலிருந்து சாருக்கு உறக்கமில்லை. கைசருக்கு ஆறு மாசம் ஆனதும் பாடம் தொடங்கினார். லில்லி டூட்டிக்குப் போய், ஆன்சி பஸ் ஏறினதும், அக்காவின் கையிலும் காலிலும் சாக்குச் சுற்றிக் கட்டுவார். தோளில் ஷீட்டைப் போட்டுக்கொண்டு புகைப்புரையிலிருந்து வெளியே ஓடச் சொல்வார். கூடவே குடைக் கம்பியால் நாயைக் குத்தி வெறி ஏற்றி அவிழ்த்து விடுவார். பாய்ந்து கடித்தால் பாக்கெட்டிலிருந்து ரஸ்க். தினமும். ரெண்டு மாசம். ஒருநாள் சாக்கு அவிழ்ந்து விழுந்தது, பல் காலில் இறங்கியது. கீழே விழுந்து கம்பி குத்தியது என்று லில்லியிடம் சொல்ல வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். நாய்க்கடி ஊசிக்கு அக்கா தனியாகவே பஸ் ஏறிப் போனாராம்.

ஈர்க்கில் படாத வீடாம். ஒரு ஏழைப் பொம்பளையைக் கள்ளன் வேஷம் போட்டு ஓடவிட்டு, சொன்னதைச் சொன்னபடி படித்த குட்டியை ஜென்ம குணம் என்று பழித்து, மூணு வாரம் என் முன்னால் உட்கார்ந்து இல்லை இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். அவர் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையின் கையில் பல் பட்டிருக்காது. இப்போதே போய்க் கடையில் வைத்துக் கேட்கிறேன் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "கள்ளனாட்டு நின்னது நானாக்கும், ஆனா எனக்க பேரச் சொல்லப்பிடாது டீச்சரே. இந்த மரத்த விட்டா எனக்கு வேற வெட்டு இல்ல."

பாக்கெட்

அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் பேரைச் சொல்லக்கூடாது. சொல்லாவிட்டால் நாய் அக்கரைக்குப் போகும், அங்கே ஷீட்டு சுமக்கிற எவர் மேலேயாவது பாயும். வில்ஃபிரெட் சாருக்கோ மனைவியிடம் ஒத்துக்கொள்வதைவிட நாயைத் தொலைப்பது சுலபம். மூணு நாளும் இதையே யோசித்து ஒரு வழி கண்டேன்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. லில்லிக்கு அன்றைக்கு லீவு. சந்திரனின் ஆட்டோ கேட்டுக்கு வெளியே நிற்கிறது, சீட்டில் சாக்கு. சுலோசனா அக்கா கொட்டகையில் தலை நிமிராமல் வேலை செய்கிறார். நான் லில்லியிடம் பத்து நிமிஷம் கேட்டேன். என்ன சொன்னாலும் நம்ப மாட்டாய், கண்ணால் மட்டும் பார் என்றேன். வில்ஃபிரெட் சார் நேரமாச்சு, நேரமாச்சு என்று குறுக்கே வந்தார். லில்லி அவரைக் கையமர்த்திவிட்டு வாசல் திண்டில் உட்கார்ந்தாள். சங்கிலி பலாமரத்தில் உறுதியாக இருக்கிறதா என்று ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். முதலில் கொடியிலிருந்து துவர்த்தை எடுத்துத் தோளில் போட்டு நாய் முன்னால் நடந்தேன். கைசர் வாலை ஆட்டியது. பெட்ஷீட், ஆன்சியின் யூனிஃபார்ம், ஒரு கோணிச்சாக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டு நடந்தேன். வாலை ஆட்டியது. அப்புறம் ஒரு ரப்பர் ஷீட்டை எடுத்துத் தோளில் போட்டேன்.

சங்கிலி விண்ணென்று இழுபட்டது. முன்காலிரண்டும் தரையில் இல்லை, வாயில் நுரை, பலாமரத்து இலையெல்லாம் ஆடியது. ஜன்னலில் ஆன்சி காதைப் பொத்திக்கொண்டாள். நான் ஷீட்டைத் தூர வீசினேன். நொடியில் அடங்கியது. அதுக்குப் பிறகு அது செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை, கர்த்தர் சாட்சி. கைசர் திரும்பி நடந்து, சங்கிலி எட்டுகிற எல்லையில் நின்ற வில்ஃபிரெட் சாருக்கு முன்னால் போய் ஒழுங்காக உட்கார்ந்து, அவர் சட்டைப் பாக்கெட்டையே அண்ணாந்து பார்த்தது. வால் மட்டும் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தது, கூலி எங்கே?

வில்ஃபிரெட் சார் பாக்கெட்டைக் கையால் மூடினார். லில்லி எழுந்து வந்து அந்தக் கையை எடுத்துவிட்டு உள்ளே விரல் விட்டாள். முழு ரஸ்க் ஒன்று வந்தது. நாயை ஆட்டோவில் ஏற்றத்தான் கொண்டு வந்தேன் என்றார் அவர். லில்லி ரஸ்க்கைப் பார்த்தாள், மண்ணில் கிடந்த ஷீட்டைப் பார்த்தாள். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, தன் கையால் மருந்து வைத்துக் கட்டின அந்தக் காலைப் பார்த்தாள். முகம் செங்கல் நிறமாகிவிட்டது. கேட்டுக்குப் போய், வெளியே நின்றவனிடம் சொன்னாள்: "சந்திரா, நீ போ. இஞ்ச ஏத்த வேண்டிய ஆளு பட்டி இல்ல."

மறுபாடம்

நாய் கற்றதை மறக்க வைக்க ஒரே வழிதான் உண்டு: முதலிலிருந்து வேறு விதமாகக் கற்பிக்க வேண்டும். கற்பித்தவரே கற்பிக்க வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை. ஷீட்டு சுமக்கிற வேலை இனி அக்காவுக்கு இல்லை, அக்காவின் வெட்டையும் யாரும் தொடக்கூடாது என்பது லில்லி போட்டது. அதனால் இப்போது தினமும் ஆன்சி பஸ் ஏறின பிறகு, டைல்ஸ் கடை முதலாளி, சபைக் கமிட்டி மெம்பர், தோளில் ஈர ஷீட்டோடு பலாமரத்துக்கு முன்னால் அங்கேயும் இங்கேயும் நடக்கிறார். கைசர் சங்கிலியில், கடிக்க முடியாதபடி வாய்க்குக் கம்பிக் கூடு. முதலில் இருபதடி தூரம், அடங்கிப் படுத்தால் ரஸ்க். மறுவாரம் ஓரடி குறையும். வெள்ளைச் சட்டையெல்லாம் ரப்பர் பால் நாற்றம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். என் பொறுப்பு என்ற சொல்லை இப்போது எந்த வீட்டிலும் நான் சொல்வதில்லை. ஆன்சி கைசருக்கு நெத்திலி போடுகிறாள், ஆனால் நாலடி தள்ளி நின்று வீசித்தான் போடுகிறாள். கையில் தழும்பு கிடக்கிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பழைய கோபம் அப்படியே பொங்கி வரும். ஒன்றே ஒன்று எனக்கு ஆறுதல். போன வாரம் கைசர் லேசாக உறுமினதும் சார் ஷீட்டோடு நாலு எட்டு ஓடப் பார்த்தார். சுலோசனா அக்கா கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸைக் கீழே வைக்காமலே, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "சாரே, பைய நடங்க. ஓடுனா எந்தப் பட்டியும் வெரட்டும்."

இந்தத் தொழிலில் நான் திருத்தின நாய்கள் எத்தனையோ உண்டு, ஆனால் திருந்தின வீட்டுக்காரர் என்று கேட்டால் இதுவரை அரை ஆள்தான் தேறியிருக்கிறார், அந்த அரையும் லில்லி பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் மட்டும்.